வட்டியை லாக் பண்றதுக்கு முன்னாடி ஸ்பிரெட்டைப் பாருங்க



2025 டிசம்பர் 5-ம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போ ரேட்டை 5.25%-ஆக குறைச்சது. மறுநாள் காலையில என் சித்தி பையன் போன் பண்ணினான். 27 வயசு. சோழிங்கநல்லூர்ல வேலை, பிடித்தம் எல்லாம் போக கைக்கு 80,000 ரூபாய் வருது. மேடவாக்கம் பக்கத்துல ஒரு ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் பார்த்து வெச்சிருக்கான். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கல.

"அண்ணா, வட்டி இதுக்கு மேல குறையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்பவே ஃபிக்ஸட்ல போட்டு லாக் பண்ணிடட்டுமா?"

இந்தக் கேள்வி அவனோடது மட்டும் இல்லை. நம்ம சேனல் பார்க்கிற பல பேர் இதே கேள்வியை வேற வேற விதமா கேட்டுட்டேதான் இருக்கீங்க. வீடியோவுல பத்து நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்லைன்றதால எழுதறேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: ஹவுசிங் லோன்ல வட்டியை லாக் பண்றதைப் பத்தி நாம கவலைப்படுற அளவுக்கு, உண்மையிலேயே லாக் ஆகுற ரெண்டு விஷயத்தைப் பத்தி கவலைப்படுறதே இல்லை. அந்த ரெண்டுலயும் நான் ஏமாந்திருக்கேன். அதனாலதான் இவ்வளவு உறுதியா பேசுறேன்.

முதல்ல இந்த "லாக்" என்ற வார்த்தை எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்கள்லேர்ந்து. அங்கே வீடு வாங்கறவர் 30 வருஷத்துக்கு ஒரே வட்டியில கடன் வாங்கலாம். கடன் ஓகே ஆகிறதுக்கும் பத்திரம் முடியறதுக்கும் நடுவுல வட்டி ஏறிடக் கூடாதுன்னு, 30 நாள், 60 நாள்னு வட்டியைப் பிடிச்சு வெச்சுப்பாங்க. அங்கே அதுக்கு அர்த்தம் இருக்கு. 2021 ஜனவரியில அந்த 30 வருஷ வட்டி சராசரி 2.65%. 2023 அக்டோபர்ல அதே வட்டி 7.79%. முதல் தேதியில லாக் பண்ணினவர் ராஜா. பழைய வட்டியை விட மனசில்லாம வீட்டையே விற்காம உட்கார்ந்திருக்கிறவங்க அங்கே ஏராளம்.

ஆனா அந்த ஊர் கடன் வேற மாதிரி ஓடுது. கடன் கொடுத்த வங்கி அதைத் தன்கிட்டயே வெச்சுக்கறது குறைவு. ஃபேன்னி மே, ஃப்ரெட்டி மேக் மாதிரி நிறுவனங்கள் வழியா அது பத்திரமா மாறி, நீண்ட கால முதலீட்டாளர்கள் கைக்குப் போயிடும். நம்ம ஊர்ல வங்கி கடன் கொடுக்கிற பணம் நம்ம அப்பா போட்ட ஒரு வருஷ, ரெண்டு வருஷ எஃப்.டி. அந்த எஃப்.டி.க்கு அடுத்த வருஷம் என்ன வட்டி கொடுக்கணும்னு வங்கிக்கே தெரியாது. அப்புறம் எப்படி உங்களுக்கு 20 வருஷத்துக்கு ஒரே வட்டின்னு வாக்கு கொடுக்கும்? கொடுத்தா, அந்தப் பயத்துக்கும் சேர்த்து விலை போட்டுத்தான் கொடுக்கும்.

அதனாலதான் இங்கே "ஃபிக்ஸட்"னு விற்கப்படுறதுல பாதி, முதல் ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ அஞ்சு வருஷமோ மட்டும் ஃபிக்ஸட். அப்புறம் தானா ஃப்ளோட்டிங்குக்குப் போயிடும். முழுசா ஃபிக்ஸட்னு சொல்றதுலயும் அக்ரிமென்ட்டை முழுசா படிச்சீங்கன்னா, "சந்தை நிலவரத்தைப் பொறுத்து வட்டியை மாற்ற வங்கிக்கு உரிமை உண்டு"ன்ற மாதிரி ஒரு வரி எங்கேயாவது ஒளிஞ்சிருக்கலாம். அந்த வரி இருந்தா அது ஃபிக்ஸட் இல்லை. பேருக்கு ஃபிக்ஸட்.

இன்னொண்ணு. ஃப்ளோட்டிங் வட்டியில தனி நபர் எடுத்த ஹவுசிங் லோனை முன்கூட்டி அடைச்சா வங்கி அபராதம் வாங்கக் கூடாதுன்னு 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. ஃபிக்ஸடுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உங்க வயசுல போனஸ் வரும், வேலை மாறும்போது ஒரு மொத்தத் தொகை வரும், கல்யாணம் ஆனா ரெண்டு சம்பளம் ஆகும். முன்கூட்டி அடைக்க அதிக வாய்ப்பு இருக்கிற ஆளே நீங்கதான். அதுக்கு அபராதம் போடுற கடனை நீங்களே தேடிப் போய் வாங்கணுமா?

சரி, அப்ப நம்ம ஊர்ல எதுதான் லாக் ஆகும்?

லாக் ஆகுறது ஸ்பிரெட்

2019 அக்டோபர் 1-லேர்ந்து வங்கிகள் புதுசா கொடுக்கிற ஃப்ளோட்டிங் ஹவுசிங் லோனை வெளியில இருக்கிற ஒரு அளவுகோலோட இணைச்சாகணும். பெரும்பாலான வங்கிகள் ரெப்போ ரேட்டை எடுத்துக்கிட்டாங்க. உங்க வட்டின்றது ரெப்போ பிளஸ் ஸ்பிரெட். ரெப்போ ஏறினா, இறங்கினா, குறைஞ்சது மூணு மாசத்துக்கு ஒரு முறை உங்க வட்டியும் மாறணும். இதுல ரெப்போ உங்க கையிலும் இல்லை, மேனேஜர் கையிலும் இல்லை. அந்த ஸ்பிரெட் இருக்கு பாருங்க, அதுதான் நீங்க கையெழுத்துப் போடுற அன்னைக்கு முடிவாகுற விஷயம். அதுல கடன் ஆபத்துக்கான பங்கை, உங்க கடன் தகுதி கணிசமா மாறினா மட்டும்தான் வங்கி மாத்தலாம். மத்த பங்கை மூணு வருஷத்துக்கு ஒரு முறைதான் தொடலாம்னு விதி.

என் கதையைச் சொல்றேன். 2021 அக்டோபர்ல 40 லட்சம் கடன் எடுத்தேன். 20 வருஷம், வட்டி 6.75%, இ.எம்.ஐ. 30,415 ரூபாய். அப்ப ரெப்போ 4%. ரெப்போன்னு ஒண்ணு வந்ததுலேர்ந்து அவ்வளவு கீழே போனதே இல்லை. 6.75%-ன்ற நம்பரைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். ஸ்பிரெட் 2.75-ன்றதை நான் பார்க்கவே இல்லை. அது சாங்ஷன் லெட்டர்ல ரெண்டாம் பக்கத்துல இருந்தது. ரெண்டாம் பக்கத்தை யார் படிக்கிறா?

அப்புறம் ரெப்போ 6.50% வரைக்கும் போய், 2025-ல நாலு தடவையா குறைஞ்சு 5.25%-க்கு வந்தது. என் வட்டி 9.25% வரைக்கும் போய் 8%-க்கு இறங்கிச்சு. அதே வங்கியில நல்ல சிபில் ஸ்கோரோட புதுசா வர்றவருக்கு 7.35%. ரெப்போ ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அவருக்கு ஸ்பிரெட் 2.10, எனக்கு 2.75. நாலு வருஷமா ஒரு தவணை தவறாம கட்டுற எனக்கு அதிகம், நேத்து வந்தவருக்குக் குறைவு! என் பாக்கி கிட்டத்தட்ட 36.5 லட்சம். அதுல 0.65%-ன்னா வருஷத்துக்கு 23,000 ரூபாய்க்கு மேல. யாரும் என்னை ஏமாத்தல. நானே கையெழுத்துப் போட்டு லாக் பண்ணிக்கிட்டது.

அதனால நீங்க வங்கிக்குப் போனா "வட்டி எவ்வளவு?"ன்னு கேட்காதீங்க. "ரெப்போவுக்கு மேல எவ்வளவு?"ன்னு கேளுங்க. ஒரு வங்கி 7.50%, இன்னொரு வங்கி 7.50%-னு ரெண்டும் ஒரே மாதிரி தெரியலாம். ஒண்ணு ரெப்போவோட இணைஞ்சது, இன்னொண்ணு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியோட சொந்த அளவுகோலோட இணைஞ்சதுன்னா ரெண்டும் ஒண்ணு இல்லை. 2019 விதி வங்கிகளுக்குத்தான். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் ரெப்போவோட இணைக்கணும்னு கட்டாயம் இல்லை. பில்டர் ஆபீஸ்லயே டேபிள் போட்டு உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட இதை மட்டும் கேட்டுப் பாருங்க. பதில் சொல்ற வேகத்துலயே விஷயம் தெரிஞ்சிடும்.

ஏற்கெனவே கடன் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. வாடிக்கையாளரைத் தக்க வெச்சுக்கறதுக்காக, மூணு வருஷம் ஆகறதுக்கு முன்னாடியே ஸ்பிரெட்டைக் குறைக்கலாம்னு 2025 அக்டோபர்லேர்ந்து வங்கிகளுக்கு அனுமதி இருக்கு. குறைச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லை. ஆனா "விதி இடம் கொடுக்கல சார்"னு இனிமே சொல்ல முடியாது. எழுதிக் கேளுங்க. ஒரு சின்ன மாற்றுக் கட்டணம் கேட்பாங்க, பெரும்பாலும் அது ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே மீண்டுடும். வேற வங்கிக்கு மாத்திடுவேன்னு மிரட்டறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு கணக்குப் போட்டுக்கோங்க. தமிழ்நாட்டுல கடனை மாத்தினா பழைய எம்.ஓ.டி.யை ரத்து பண்ணி, புதுசா ஒண்ணு ரிஜிஸ்டர் பண்ணணும். அந்தச் செலவு, புது வங்கியோட பிராசஸிங் கட்டணம், வக்கீலோட லீகல் ஒப்பீனியன் எல்லாம் சேர்த்துப் பார்த்துட்டு மிரட்டுங்க.

சாங்ஷன் லெட்டர் லாக் இல்லை

இதைக் கொஞ்சம் வேகமா சொல்லிடறேன், ஆனா இதுல மாட்டறவங்க அதிகம். சாங்ஷன் லெட்டர்ல போட்டிருக்கிற வட்டி உங்களுக்கு உறுதியானதுன்னு நினைச்சுக்காதீங்க. ஃப்ளோட்டிங்ல பணம் கைமாறுற அன்னைக்கு என்ன ரெப்போவோ அதுதான் கணக்கு. 2022 ஏப்ரல்ல லெட்டர் வாங்கி, ஜூலையில பத்திரம் முடிச்சவரை யோசிச்சுப் பாருங்க. நடுவுல மே 4-ம் தேதி திடீர்னு 0.40, ஜூன் 8-ம் தேதி 0.50 ஏறிடுச்சு. கையில இருந்த லெட்டருக்கும் வந்த வட்டிக்கும் 0.90% வித்தியாசம். கட்டிட்டிருக்கிற ஃப்ளாட்டுன்னா இன்னும் மோசம், தளம் தளமா பணம் போகும், அதுவரைக்கும் வட்டி நகர்ந்துட்டே இருக்கும்.

இங்கே உங்களுக்குக் கிடைக்கிற ஒரே லாக், கே.எஃப்.எஸ்.னு சொல்ற முக்கிய விவரத் தாள். 2024 அக்டோபர் 1-லேர்ந்து ஒவ்வொரு புது சில்லறைக் கடனுக்கும் அதைக் கொடுத்தாகணும். கொடுத்ததுக்கு அப்புறம் குறைஞ்சது மூணு வேலை நாள் அது செல்லும். அந்த நாட்களுக்குள்ள நீங்க சம்மதிச்சா, அதுல இருக்கிற நிபந்தனைகளுக்கு வங்கி கட்டுப்படணும். ஸ்பிரெட், எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருஷ வட்டி, ரெண்டும் அதுலதான் இருக்கும். "இங்க ஒரு சைன், இங்க ஒரு சைன்"னு அவசரப்படுத்தினா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிச்சுட்டு வர்றேன்னு சொல்லுங்க. மூணு நாள் உங்க உரிமை.

நான் தூங்கின பத்து மாசம்

இப்ப ரெண்டாவது விஷயம். இதுதான் பெருசு.

2023 ஜூன்ல வருமான வரி கணக்குக்காக வங்கியிலேர்ந்து வட்டி சர்டிஃபிகேட் டவுன்லோடு பண்ணினேன். 2022-23 முழுக்க நான் கட்டினது 3.65 லட்சம். அசல்ல கழிஞ்சது 58,000 ரூபாய். ஏதோ தப்புன்னு நினைச்சேன். மாச வாரியா பார்த்தா, மார்ச் மாசம் கட்டின 30,415-ல அசலுக்குப் போனது 1,142 ரூபாய்! மீதி எல்லாம் வட்டி.

2022 மே-லேர்ந்து ரெப்போ ஏற ஆரம்பிச்சது. வங்கி என் இ.எம்.ஐ.யைத் தொடவே இல்லை. மாசா மாசம் அதே 30,415 போகுது, எனக்கு எந்த வலியும் இல்லை. உள்ளுக்குள்ள தவணை எண்ணிக்கை மட்டும் நீண்டுட்டே போயிருக்கு. 9.25%-க்கு வந்தப்ப பாக்கி 39 லட்சம். அதுக்கு ஒரு மாச வட்டியே 30,068. என் இ.எம்.ஐ.யால அந்தக் கடனை அடைக்கணும்னா இன்னும் 583 மாசம் ஆகும். 48 வருஷத்துக்கு மேல. அவ்வளவு தூரம் வங்கியே போகாது. அதனால ஏப்ரல்ல ஒரேயடியா கணக்குப் போட்டு, இ.எம்.ஐ.யை 32,414 ஆக்கி, பாக்கித் தவணையை 342 ஆக்கிடுச்சு. ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருந்தது. ஸ்விக்கி ஆஃபர், ஓ.டி.பி. நடுவுல அதுவும் கிடந்தது.

29 வயசுல எடுத்த கடன் 49-ல முடியணும். அது 59-க்குப் போயிடுச்சு. என் ரிட்டயர்மென்ட் வரைக்கும்.

அன்னைக்கு ராத்திரி எக்ஸெல்ல உட்கார்ந்து பார்த்தேன். பழைய கெடுவிலேயே, அதாவது மீதி 222 மாசத்துல முடிக்கணும்னா இ.எம்.ஐ. 36,750. மாசம் கூடுதலா 4,336 ரூபாய். வட்டி அதே 9.25%-ல நின்னா, வங்கி போட்ட வழியில நான் மொத்தம் கட்டுறது 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல. பழைய கெடுவில கட்டினா 81.6 லட்சம். வித்தியாசம் 29 லட்சம். மாசம் நாலாயிரத்து சொச்சத்துக்காக 29 லட்சம்!

மறுநாள் லீவு போட்டுட்டு பிராஞ்சுக்குப் போய் எழுதிக் கொடுத்து இ.எம்.ஐ.யை ஏத்தினேன். கவுன்ட்டர்ல இருந்த அம்மா என்னைக் கொஞ்சம் விநோதமாத்தான் பார்த்தாங்க. இ.எம்.ஐ.யைக் குறைக்கச் சொல்லி வர்றவங்கதான் அதிகம்போல.

அதே வருஷம் ஆகஸ்ட் 18-ம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யை ஏத்தறதா, காலத்தை நீட்டறதா, ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமான்னு கடன் வாங்கினவர்கிட்ட கேட்கணும்னு சொல்லுச்சு. ஃபிக்ஸடுக்கு மாறிக்கிற வாய்ப்பும் கொடுக்கணும்னு அதுலயே இருந்தது. ஆனா 2025 அக்டோபர் 1-லேர்ந்து அந்த ஃபிக்ஸடுக்கு மாறுற வாய்ப்பு வங்கியோட விருப்பம்னு ஆயிடுச்சு. "இப்ப ஃப்ளோட்டிங்ல போயிடலாம், ஏறினா ஃபிக்ஸடுக்கு மாறிக்கலாம்"னு திட்டம் வெச்சிருக்கிறவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. உங்க வங்கி அந்தக் கதவைத் திறந்து வெச்சிருக்கான்னு முன்னாடியே கேட்டுக்கணும். திறந்திருந்தாலும், வட்டி ஏறினதுக்கு அப்புறம் கிடைக்கிற ஃபிக்ஸட் ஏறின விலையிலதான் கிடைக்கும்.

நியாயமா ஒரு கேள்வி கேட்பீங்க. "2021-ல ரெப்போ அடிமட்டத்துல இருந்தப்ப ஃபிக்ஸட் எடுத்திருந்தா தப்பிச்சிருப்பீங்களே?" அன்னைக்கு இன்னொரு இடத்துல எனக்கு ஃபிக்ஸட் 8.25%-னு சொன்னாங்க. இ.எம்.ஐ. 34,083. அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் ஒரு வருஷம் ஃபிக்ஸட்காரர் என்னைவிட அதிகம் கட்டியிருப்பார். அப்புறம் ரெண்டே முக்கால் வருஷம் நான் அதிகம் கட்டினேன். இப்ப மறுபடியும் நான் குறைவு. 2025 கடைசி வரைக்கும் கூட்டிக் கழிச்சா ஃபிக்ஸட்ல எனக்கு ஏறக்குறைய 50,000 ரூபாய் வட்டி மிச்சம் ஆகியிருக்கும். மறுக்கல. ஆனா பாருங்க, நம்ம ஊர்ல வட்டியை லாக் பண்ண இருந்ததுலயே நல்ல நேரம் அது. அந்த நேரத்துல லாக் பண்ணியிருந்தா நாலு வருஷத்துல லாபம் 50,000. நான் பத்து மாசம் ஆப்பைத் திறந்து பார்க்காம இருந்ததோட விலை 29 லட்சம் ஆகியிருக்கும். எதைப் பத்தி ராத்திரி தூக்கம் கெடணும்?

ஃபிக்ஸடே வேண்டாம்னு சொல்ல வரல. கடைசித் தவணை வரைக்கும் நிஜமாவே மாறாத வட்டி, ஃப்ளோட்டிங்கைவிட அரை சதவீதத்துக்குள்ளதான் அதிகம், மறைவான வரி எதுவும் இல்லைன்னு ஒரு கடன் கிடைச்சா, ஒத்தைச் சம்பளத்துல இழுத்துப் பிடிச்சு ஓடுற குடும்பத்துக்கு அது நல்லது. அப்படி ஒண்ணை நீங்க பார்த்தா எனக்கும் சொல்லுங்க.

உங்க சம்பளத்துக்குள்ள ஒரு லாக்

சித்தி பையன் கணக்குக்கு வருவோம். அவன் கேட்கிறது 40 லட்சம், 20 வருஷம். 7.50%-ல இ.எம்.ஐ. 32,224. வங்கி தாராளமா கொடுக்கும். நான் அவன்கிட்ட 10%-க்கு இ.எம்.ஐ. பார்க்கச் சொன்னேன். 38,601. பத்து சதவீதம்னா மிகையா தெரியலாம். ஆனா 2022 மே-லேர்ந்து 2023 பிப்ரவரிக்குள்ள, பத்தே மாசத்துல ரெப்போ 2.50% ஏறிச்சு. நடந்ததைத்தான் சொல்றேன்.

80,000 சம்பளத்துல 38,601-ன்னா கிட்டத்தட்ட பாதி. "சம்பளம் ஏறும்ணா"ன்னான். ஏறும். ஐ.டி.யில வேலையும் போகும், அதை அவன் ஆபீஸ்லயே பார்த்திருக்கான்.

அதனால அவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வாடகை 16,000 கட்டுறான். மாசம் ஒண்ணாம் தேதி இன்னும் 22,600-ஐ எடுத்து வேற அக்கவுண்ட்ல போடணும். மொத்தம் 38,600. இப்பவே கடன் இருக்கிற மாதிரி, அதுவும் வட்டி 10%-க்கு ஏறின மாதிரி வாழ்ந்து பார்க்கணும். போடுற பணம் எங்கேயும் போகாது, அட்வான்ஸுக்கோ பத்திரச் செலவுக்கோ ஆகும். நம்ம ஊர்ல முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%. அதுக்கு எப்படியும் பணம் வேணும்.

இதுல தாக்குப் பிடிக்கிறவருக்கு வட்டி ஏறினா என்ன, இறங்கினா என்ன? ஏறலைன்னா இன்னும் நல்லது. வட்டி 7.50%-லேயே இருந்து, நீங்க மாசம் 38,601 கட்டினா 20 வருஷக் கடன் 14 வருஷத்துல முடிஞ்சிடும். ஃப்ளோட்டிங்ல அதுக்கு அபராதமும் கிடையாது. ஃபிக்ஸட் வாங்கினா அந்தக் கூடுதல் பணம் வங்கிக்கு வட்டியா போகும். இங்கே அதே பணம் உங்க அசலைக் கரைக்குது. பிடிச்சு வெச்சுக்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான், அதுக்கு எந்த மேனேஜரோட கையெழுத்தும் வேண்டாம்.

இடைவெளி இல்லாதவர் கடன் தொகையைக் குறைக்கணும், இல்ல இன்னும் ஒரு வருஷம் சேர்க்கணும். கால அளவை 30 வருஷமாக்கி இ.எம்.ஐ.யை அடக்கிக்கலாம்னு சொல்லுவாங்க. அதைச் செஞ்சுட்டீங்கன்னா, வட்டி ஏறும்போது நீட்டறதுக்கு வங்கிக்கும் இடம் இருக்காது, நேரா இ.எம்.ஐ.தான் ஏறும்.

ஒரு சின்ன விஷயம். கடன் எடுத்ததுக்கு அப்புறம் கிரெடிட் கார்டு பில்லைத் தாமதமா கட்டாதீங்க. உங்க ஸ்கோர் நல்லா விழுந்தா ஸ்பிரெட்டை ஏத்த வங்கிக்கு நீங்களே காரணம் கொடுத்த மாதிரி ஆயிடும். அப்புறம் ஒவ்வொரு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் வாரமும் லோன் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து ரெண்டே நம்பர் பாருங்க: வட்டி எவ்வளவு, மீதித் தவணை எத்தனை. நான் போன்ல அலாரம் வெச்சிருக்கேன்.

சித்தி பையன் முதல் மாசம் 22,600-ஐ ஒழுங்கா போட்டான். ரெண்டாவது மாசம் ஃப்ரெண்டு கல்யாணம் திருச்சியில, பைக் வேற ரிப்பேர், அதுலேர்ந்து 6,000 எடுத்துட்டான். மூணாவது மாசம் 4,000. போன வாரம் அவனே போன் பண்ணி, "40 முடியாதுண்ணா, 35-க்கு அப்ளை பண்றேன். மீதிக்கு அப்பாகிட்டயும் கேட்டு, இன்னும் ஆறு மாசம் சேர்த்துக்கறேன்"னான். 35 லட்சத்துக்கு 10%-ல கூட 33,776-தான்.

ஃபிக்ஸடா ஃப்ளோட்டிங்கான்னு அப்புறம் அவன் கேட்கவே இல்லை. ரெண்டு வங்கியில பேசியிருக்கான். முதல் இடத்துல ரெப்போவுக்கு மேல 2.25 சொன்னாங்களாம். இன்னொரு வங்கியோட தாளைக் காட்டினதும் 2.10-க்கு வந்தாங்களாம். அந்தத் தாளை எனக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்பி, "உங்களோடது எவ்வளவுண்ணா?"ன்னு கேட்டான்.

என்னோடது இன்னும் 2.75. ஸ்பிரெட்டைக் குறைக்கச் சொல்லி ஜனவரியில கொடுத்த லெட்டருக்கு இன்னும் பதில் வரல. திங்கட்கிழமை திரும்பவும் பிராஞ்சுக்குப் போறேன்.